சாக்லேட் தாளைக் கேட்ட டாக்டர்

டாக்டர் சலேத் மேரி செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் தம் வீட்டில் காலமானார். வயது எழுபத்தொன்று. இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் அவருடைய தம்பி அந்தோணி. அப்போது மணி ஏழு பத்து. அதற்கு அரை மணி நேரம் முன்பே வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. கூப்பிய கைகளின் படம், அதன் கீழே 'நம்ம நாய் டாக்டரம்மா போயிட்டாவ' என்று ஒரு வரி. அனுப்பியவரைக் கேட்டேன், யார் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் அந்தோணியைக் கூப்பிட்டேன். எத்தனை மணிக்கு, அருகில் யார் இருந்தார்கள், முதலில் யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். நாற்பது ஆண்டுகள் நிருபர் வேலை பார்த்த வாய், துக்க வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறது. அந்தோணி பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "அக்காவும் இப்படித்தான் கேப்பா அண்ணாச்சி. தாளு எங்கன்னு மட்டுந்தான் நீங்க கேக்கல" என்றார்.

அவரிடம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அந்தக் கேள்வி பழக்கம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு கால்நடை மருத்துவராக இருந்தவரை அவர் கைக்கு வந்தவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான். ஓய்வு பெற்று வீட்டின் முன்னறையை மருத்துவமனையாக மாற்றிய பிறகு நாய்கள் வரத் தொடங்கின. நாய்களோடு சாக்லேட்டும் வந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஆள் உண்டு. அவர் விடுமுறைக்கு ஊர் வந்தால் பெட்டியில் பாதி சாக்லேட்தான். தெரு முழுக்கப் பங்கு போகும். "டாக்டரம்மா, நாய் ஃபாரின் முட்டாயத் தின்னுட்டு" என்று வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் கையை நீட்டியிருப்பார். "தாளு எங்க?"

சுற்றி வந்த தாளில்தான் அது பால் சாக்லேட்டா, கறுப்பு சாக்லேட்டா, எத்தனை கிராம், கோக்கோ எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். தாள் இல்லாமல் வந்த வீட்டாரில் ஒருவரைத் தாளெடுக்க ஓடவிட்டு, அதற்குள் நாயைத் தூக்கித் தராசில் நிறுத்திவிடுவார். நாயின் எடையும் தின்ற சரக்கின் எடையும் சேர்ந்தால்தான் அடுத்தது என்ன என்று முடிவெடுக்க முடியும் என்பார். "இத்தினிக்கோண்டுதான் தின்னுச்சுன்னு எல்லாரும் சொல்லுவாவ. இத்தினிக்கோண்டுக்கு கிராம் கணக்கு எங்கயும் போடல."

நான் அவரை முதலில் சந்தித்தது ஒரு நாய் செத்த காரணத்தால். அந்தச் சாவில் எனக்குப் பங்கு உண்டு. இதை இதுவரை நான் எழுதியதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, கோடை விடுமுறை இணைப்பிதழுக்கு அரைப் பக்கம் காலியாக இருந்தது. வீட்டு நாய்க்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று எழுதித் தருவதாக நானே சொன்னேன். நான்கு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். அலுவலகத்துப் பழைய கோப்பில் ஒரு நறுக்கு கிடைத்தது. யார் எழுதியது, எந்த மருத்துவர் சொன்னது என்று அதில் இல்லை. அதிலிருந்து ஒரு வரியை எடுத்து என் நடையில் மாற்றிப் போட்டேன். 'நாய் சாக்லேட் தின்றுவிட்டால் உடனே உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டும்.' ஒரு மருத்துவரையாவது தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கட்டுரை என் பெயரோடு வந்தது. நன்றாக இருந்தது என்று நான்கு பேர் சொன்னார்கள்.

அந்த மாதமே ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் பீர் முகம்மது அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம். மூத்த மகன் சவூதி தம்மாமிலிருந்து வந்தவன், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பையில் போடுவதற்காக மூன்று பெட்டி கறுப்பு சாக்லேட் கொண்டுவந்திருந்தான். வெயில் கொளுத்தியது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பூவும் கறியும் நிரம்பியிருந்தன. தோட்டத்து மோட்டார் அறைதான் குளிர்ச்சி. தொட்டித் தண்ணீர் சுவரை ஒட்டி ஓடும். சாக்லேட் உருகாமல் இருக்கட்டும் என்று பெட்டிகளை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மோட்டார் அறைதான் தோட்டத்துக் காவல் நாய்க்கும் வீடு என்பது கல்யாண மும்முரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அதன் பெயர் கருவாயன்.

மாலை நான்கு மணிக்குப் பார்த்தபோது ஒரு பெட்டி காலி. கருவாயன் வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பீர் முகம்மதுவின் மனைவி ரஹ்மத் பீவிக்கு உடனே என் கட்டுரை நினைவுக்கு வந்தது. அதை வெட்டி அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்தபடியே உப்பைக் கரைத்தார். ஆறு மணிக்கு நாய்க்கு உடம்பெல்லாம் வெட்டி இழுக்க, ஆட்டோவில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கருவாயன் செத்துப்போனது.

அதற்கு மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, திருநெல்வேலியில் என் மேசைக்கு எதிரே பருத்திச் சேலையும் ரப்பர் செருப்புமாக ஓர் அம்மாள் வந்து நின்று, ஸ்ரீவைகுண்டத்து நாய் டாக்டர் என்றார். கையில் அலமாரிக் கதவிலிருந்து எடுத்த என் கட்டுரையின் நறுக்கு இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் சுருங்கியிருந்தது.

"இத எழுதுனது நீங்கதானா அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தேதி போட்டிருக்கு. ஒங்க பேரு போட்டிருக்கு. யார்ட்ட கேட்டு எழுதுனியன்னு மட்டும் போடல."

"பழைய ஃபைல்ல இருந்து எடுத்தேன்."

"அந்த ஃபைலுக்கு யாரு சொன்னா?"

"தெரியல, டாக்டர்."

"அப்ப யாருமே சொல்லாத ஒண்ண இம்புட்டு பேருக்குச் சொல்லியிருக்கிய."

குரலை உயர்த்தவே இல்லை. நடந்ததை மணி வாரியாகச் சொன்னார். நான் கேட்டேன்: நாய் செத்தது சாக்லேட்டாலா, உப்பாலா? என் மனத்தில் என்ன ஆசை இருந்தது என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவர் எனக்கு அந்த வழியைத் திறந்துவிடவும் இல்லை, அடைக்கவும் இல்லை. "ரெண்டுந்தான். எது எவ்வளவுன்னு என்னால அறுதியாச் சொல்ல முடியாது. தெரியாததச் சொல்ல மாட்டேன். ஆனா சாக்லேட்டு மட்டும்னா எனக்குச் செய்யதுக்கு வழி இருந்துச்சு. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பேன், கரிப்பொடி கொடுப்பேன், சொட்டு மருந்து ஏத்துவேன். உப்பு ரத்தத்துல ஏறி மூளையப் பிடிச்ச பெறகு கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

திருத்தம் போடுகிறேன் என்றேன். "போடணும். அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு. எந்திரிங்க" என்றார்.

ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கையில் இருவரும் உட்கார்ந்து போனோம். எங்கே போகிறோம் என்று சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "அந்தப் பொம்பள ரெண்டு நாளாச் சோறு தின்னல. கல்யாண வீடு, பாத்துக்கிடுங்க. தான்தான் கொன்னுட்டோம்னு இருக்கா. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல. நாளைக்குப் பேப்பர்ல வந்தா படிச்சுத் தெரிஞ்சுக்கிடுவா. அது போதாது."

பீர் முகம்மது வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. ரஹ்மத் பீவி எங்களை அடுக்களைக்கே கூட்டிப்போனார். அலமாரிக் கதவில் நறுக்கு ஒட்டியிருந்த இடத்தில் நான்கு மூலையிலும் பசை நாடா அப்படியே இருந்தது.

"நான் அஞ்சாப்புதான் படிச்சேன்" என்றார். "எழுத்துக் கூட்டி ரெண்டு தரம் படிச்சுட்டுத்தான் ஊத்துனேன். மொதத் தரம் வாந்தி வரல. எத்தன தரம்னு பேப்பர்ல போடல. அதனால இன்னும் ரெண்டு தரம் ஊத்துனேன். அது வேண்டாம் வேண்டாம்னு தலையத் திருப்பிச்சு. நாந்தான் வாயப் பிடிச்சு ஊத்துனேன். அதுல தப்புப் பண்ணிட்டனா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறேன். அன்று பதில் சொல்ல வேண்டியவன் நான்.

"நீங்க சரியாத்தான் செஞ்சிய. எழுதுனதுதான் தப்பு. நான் யார்ட்டயும் கேக்காம எழுதிட்டேன்."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பீர் முகம்மது அண்ணாச்சி இவ்வளவு நேரமும் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டாக்டரிடம், "பேப்பர்க்காரரு வீடு தேடி வந்து தப்புன்னு சொல்லுதாரு. மழை ஏதும் வருதா, வெளிய எட்டிப் பாருங்க" என்றார். பிறகு என்னிடம், "இரும் வே. டீ போடச் சொல்லுதேன்." சற்று நேரத்தில் டீயோடு ரஹ்மத் பீவியே வந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, குடிக்கும்வரை டாக்டர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் திருத்தத்தை எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக் காட்டச் சொன்னார். நாளிதழில் அது ஒன்பதாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது. முழுதாக இப்போது தருகிறேன்.

நாய் சாக்லேட் தின்றது தெரிந்ததும் மிச்சம் இருப்பதை அதற்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். தாளைத் தூரப் போடாதீர்கள். என்ன சாக்லேட், எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பதைச் சொல்லி உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கெடுதல். கோக்கோ பொடி எல்லாவற்றிலும் மோசம். அதில் உள்ள ஒரு பொருளை நம் உடம்பு விரைவாக வெளியேற்றிவிடும், நாயின் உடம்பு மிகவும் பைய வெளியேற்றும். அதனால் நாய் நன்றாகத்தானே ஓடுகிறது என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி, நிலைகொள்ளாமை, இளைப்பு, வேகமான நெஞ்சுத் துடிப்பு, நடுக்கம், வலிப்பு எல்லாம் தெரிய மணிக்கணக்கில் ஆகலாம். தெரிந்த பிறகு வந்தால் வேலை கடினம். வீட்டில் உப்போ, எண்ணெயோ, பாலோ, சோப்புத் தண்ணீரோ எதுவும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கடைசி வாக்கியமாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். 'முன்பு எழுதியதை நம்பி உப்புக் கொடுத்தவர்கள் மேல் குற்றம் இல்லை.' ஆசிரியர் குழு முதலில் வெட்டியது அதைத்தான்.

இவ்வளவு பெரிய தப்பைச் செய்தவனை அவர் ஏன் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வேறு வேலையாக ஸ்ரீவைகுண்டம் போனவன் அவர் முன்னறையில் காத்திருந்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது. மேலே 'என் தப்பு' என்று அவர் கையெழுத்தில் தலைப்பு. கீழே ஐந்தாறு வரிகள். முதல் வரி இது: 'மணி. இரண்டு வயது. பால் சாக்லேட் என்று போனில் சொன்னார்கள், நம்பினேன். தாளைக் கேட்கவில்லை.' அது பால் சாக்லேட் இல்லையாம், கேக் செய்கிற வீட்டில் வைத்திருந்த கறுப்புக் கட்டி. பயப்பட வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நாய், மணி, பிழைக்கவில்லை. அன்றிலிருந்துதான் தாளைக் கேட்கும் வழக்கம்.

அன்று ஆட்டுக்குட்டியோடு வந்திருந்த ஒருவர் அந்த அட்டையை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இதப் பாத்தா ஆளு வருமா டாக்டரம்மா? ஓடிருவாம்லா" என்றார்.

"ஓடுதவன் ஓடட்டும். இருக்குதவன் நான் கேக்கதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுவான்."

அவர் சொன்னது உண்மை என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நேரில் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற ஆண்டு அது. டெடி என்ற வெள்ளைப் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு ஒரு மருமகளும் மாமியாரும் வந்தார்கள். நாய் சோபாவில் தாவுவதுபோல எல்லார் மடியிலும் தாவிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு துண்டுதான் டாக்டரம்மா" என்றார் மருமகள்.

"தாளு எங்க?"

"தாளையும் சேத்துத் தின்னுட்டு. இந்தா, பெட்டி இருக்கு."

பெட்டியின் மேல் இருபத்து நான்கு என்று போட்டிருந்தது. உள்ளே பதினொன்று இருந்தன. டாக்டர் மருமகளைப் பார்த்தார். மருமகள் மாமியாரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணுகூடத் தொடல டாக்டரம்மா. அத்தைக்குச் சக்கரை இருக்குன்னு பீரோவுக்கு மேல வச்சேன். இப்ப அத்த கட்டிலுக்கு அடியில கெடக்கு. பெட்டி தானா நடந்து வந்துச்சாம்."

"நாயி இழுத்திருக்கும்" என்றார் மாமியார்.

"பீரோ மேல ஏறியா?"

டாக்டர் மாமியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இங்க பாருங்கக்கா. நாய் எத்தன தின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்னா, நீங்க எத்தன தின்னியன்னு தெரியணும். சக்கரைக்கு நான் ஏச மாட்டேன். இது நாய் ஆஸ்பத்திரி."

மாமியார் சுவரைப் பார்த்தார். அங்கே அந்த அட்டை. ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆறு" என்றார்.

"அப்ப நாய் ஏழு" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஊசியை எடுத்தார். பத்து நிமிடத்தில் டெடி முற்றத்தில் வாந்தி எடுத்தது. டாக்டர் ஒரு குச்சியால் கிளறி எண்ணினார். "ஆறு தாளும் ஒரு பாதியும். சரியாருக்கு. அக்கா பொய் சொல்லல." ஊசிக்கும் வாந்திக்கும் இடையே மருமகளும் மாமியாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன்.

கரிப்பொடி கரைசல் கொடுத்து டெடியின் வாய் கருத்த பிறகு, கயிற்றை என் கையில் கொடுத்தார். "சும்மாதான இருக்கிய. மூத்திரப் பையில நின்னா அந்த வெஷம் திரும்பவும் ரத்தத்துல ஏறும். அடிக்கடி நடத்தணும். தெருக் கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க. பைய, ஓட விடாதீங்க." அன்று சாயங்காலம் வரை நான் அந்தத் தெருவில் கறுப்பு வாயோடு ஒரு வெள்ளை நாயை நடத்திக்கொண்டிருந்தேன். தெருவில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னேன். அத்தனை பேருக்கும் நான் சரியாகச் சொன்ன முதல் நாள் அதுதான்.

பெட்டியைப் பிரித்துப் பங்கு போட்ட சாக்லேட்டின் சின்னத் தாளில் பல சமயம் அரபி எழுத்துதான் இருக்கும். அதைப் படிப்பதற்கு டாக்டர் கண்டுபிடித்த ஆள் பீர் முகம்மது அண்ணாச்சி. அவரும் பதினெட்டு வருடம் தம்மாமில் இருந்தவர். டாக்டர் தாளைப் படம் எடுத்து அனுப்புவார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாலும் அடுத்த நிமிடம் குரல் பதிவு வரும்: "டாக்டரம்மா, இது எழுவது பெர்சன்ட்டு. கடுங்கறுப்பு. வெரசாப் பாருங்க." படித்த தாள்களையெல்லாம் டாக்டர் நகத்தால் நீவி, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் நாயின் பெயர், எடை, பிழைத்ததா இல்லையா என்ற குறிப்பு. கருவாயனை இழந்த வீடுதான் அந்த டப்பாவில் உள்ள பல நாய்களுக்கு உதவியிருக்கிறது. இதை பீர் முகம்மது பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ரஹ்மத் பீவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். "நேத்து ஒண்ணு பொழச்சுட்டாம்" என்பார், தம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல.

இத்தோடு முடிந்திருந்தால் இது நிம்மதியான நினைவாக இருந்திருக்கும். முடியவில்லை. அச்சில் வந்த கட்டுரைக்கு ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. இணையத்தில் ஏற்றிய கட்டுரைக்கு அதுவும் வரவில்லை. அது அப்படியே இருந்தது, என் பெயரோடு. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் யாராவது அதைத் தேடி எடுத்து, பயனுள்ள தகவல் என்று பரப்பினார்கள். ஒருமுறை டாக்டருக்கே வந்திருக்கிறது. "எனக்கே அனுப்பி வைக்காவ அண்ணாச்சி. மேல ஒரு ரோசாப்பூ, குட் மார்னிங். கீழ ஒங்க உப்பு."

பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "அது இன்னும் கெடக்கா?" சொல்லியிருக்கிறேன், எடுத்துவிடுவார்கள் என்பேன். உண்மை என்னவென்றால், நான் ஒரே ஒரு முறைதான் சொன்னேன். பொறுப்பில் இருந்தவர் வேறு ஊருக்கு மாறிப்போனார். அடுத்து வந்தவரிடம், இது சில வருடப் பழைய தப்பு என்று எடுத்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு நானே ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் தம் தப்பைத் தம் வீட்டுச் சுவரில் எல்லாரும் படிக்கும்படி தொங்கவிட்டிருந்தார். நான் என் தப்பை எடுக்க ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு அவருக்கு மேலுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார். தம் மாத்திரைகளின் பெயர், அளவு எல்லாம் வரிசையாகச் சொன்னார். பிறகு, நான் எதிர்பார்த்ததுபோலவே கேட்டார்.

"அது இன்னும் கெடக்கா?"

பதினோரு வருடத்தில் முதன்முறையாகச் சரியான பதிலைச் சொன்னேன். "கெடக்கு டாக்டர். நான் ஒரு தடவதான் கேட்டேன். அதுக்கப்புறம் கேக்கல."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "தெரியும்" என்றார். "ஒரு தடவ கேட்டதாவது நெசந்தானா?"

"நெசந்தான்."

"அப்ப ரெண்டாந் தடவ கேக்கது லேசு." பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். "போகும்போது இத பீரு அண்ணாச்சி வீட்டுல கொடுத்துருங்க. அரபி படிக்க ஆளு அவருதான். இங்க இருந்தா அந்தோணி குப்பைன்னு போட்டுருவான்."

புதன்கிழமை மாலை நான்கரை மணிக்கு, அவர் பிறந்த கடற்கரை ஊர் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஆற்றங்கரை ஊர்களிலிருந்து இரண்டு வேனும் ஒரு பஸ்ஸும் வந்திருந்தன. காற்று பலமாக இருந்தது. சாமியார் வாசித்தது பாதிதான் காதில் விழுந்தது. மண் போட்டு முடிந்ததும் கூட்டம் கலையவில்லை. ஒருவருக்கொருவர் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாம் நாய்ப் படங்கள். "இவனுக்கு ரெண்டு நாள் ட்ரிப்பு ஏத்துனாவ." "இவ முழுக் கேக்கையும் தின்னா, கேட்டியளா?" அந்த மருமகள் வெள்ளைப் பொமரேனியன் ஒன்றைக் காட்டினார். டெடி போன வருடம்தான் போயிற்றாம், கிழமாகி. ரஹ்மத் பீவி கல்லறைக்குப் பக்கத்திலேயே கடைசி வரை நின்றார். வாய் ஏதோ முணுமுணுத்தது. துஆ செய்கிறார் என்று பீர் முகம்மது சொன்னார்.

அவருடைய தராசும் மருந்துப் பீரோவும் யாருக்குப் போகும் என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தோணி குடும்பத்தோடு கலந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். தாள் டப்பா பீர் முகம்மது வீட்டில் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த நறுக்கு. முதல் நாள் என் மேசையில் அவர் வைத்ததை நான் தூரப் போடவில்லை. உப்புக் கறை இப்போது பழுப்பாகிவிட்டது. எதையும் எழுதுவதற்கு முன் அதை எடுத்துப் பார்க்கிற வழக்கம் இந்தப் பதினோரு வருடத்தில் படிந்துவிட்டது. அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் என்னிடம்தான் இருக்கின்றன. தாள் எங்கே. யாரிடம் கேட்டு எழுதினீர்கள்.

அடக்கம் முடிந்து வந்த வியாழக்கிழமை காலை, நாளிதழின் இணையப் பிரிவுக்கு எழுதினேன். எந்தக் கட்டுரை, எந்த வரி, ஏன் தப்பு, அதனால் என்ன நடந்தது என்பதையெல்லாம் எழுதி, அந்த வரியை நீக்கி அங்கேயே திருத்தம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் எழுதிக்கொண்ட திருத்தத்தை முழுதாக இணைத்திருக்கிறேன்; வெட்டப்பட்ட கடைசி வாக்கியமும் அதில் உண்டு. கடிதம் வந்து சேர்ந்தது, திங்கட்கிழமை மாலைக்குள் முடிவு சொல்கிறோம் என்று அன்றே பதில் வந்தது. இதை எழுதும் சனிக்கிழமை காலை பத்து மணி வரை அந்த வரி எடுக்கப்படவில்லை. சற்று முன்புதான் பார்த்தேன்.

பீர் முகம்மது அண்ணாச்சியிடம் போனில் விவரம் சொன்னேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

"சாயங்காலம் ஆறு மணின்னு வச்சுக்கிடுவோம்" என்றார். "ஆறு அஞ்சுக்கு நான் ஒமக்குப் போன் போடுவேன் வே. அது இன்னும் கெடக்கான்னு கேப்பேன்."